மின்சாரக் கார் கட்டுப்படியாகுமா?

மின்சாரக் கார் கட்டுப்படியாகுமா என்பது பார்வைக்கு ஒரு கூட்டல் கழித்தல் கணக்கு. வாங்கும்போது கூடுதலாகக் கொடுக்கும் தொகை ஒருபுறம், ஓட்டும்போது மிச்சமாகும் தொகை மறுபுறம். எந்த ஆண்டில் இரண்டும் சமமாகின்றன என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும் என்று ஷோரூமில் விற்பவரும் நம்புகிறார், வாங்க வருபவரும் நம்புகிறார். ஆனால் அந்தக் கணக்கு தொடங்குவதற்கு முன்பே சில முடிவுகள் எடுக்கப்பட்டுவிடுகின்றன. எதையெல்லாம் செலவில் சேர்ப்பது, யாருடைய செலவைச் சேர்ப்பது, பத்து ஆண்டு கழித்து வரும் ரூபாய்க்கு இன்று என்ன மதிப்பு, கார் ஓட்டுவதற்கா விற்பதற்கா ஆகியவற்றைக் கணிதம் தீர்மானித்துத் தராது. இறையியலாளர்களும் தத்துவவாதிகளும் நெடுங்காலமாக வாதாடிவரும் கேள்விகள் இவை. கால்குலேட்டரைத் தட்டுபவர் அறியாமலேயே அந்த வாதத்தில் ஒரு கட்சியில் சேர்ந்துவிடுகிறார்.

முதலில் கணக்கையே பார்க்கலாம். சென்னையில் பெட்ரோல் லிட்டர் சுமார் 101 ரூபாய் என்று கொள்வோம். நகரத்தில் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் கார் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 6 ரூபாய் 70 காசு குடிக்கிறது. அதே அளவுள்ள மின்சாரக் கார், சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்து, ஒரு யூனிட்டுக்கு ஆறரைக் கிலோமீட்டர் ஓடும். வீட்டு மின்சாரம் யூனிட் 9 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் 40 காசு. ஆக, கிலோமீட்டருக்கு மிச்சம் 5 ரூபாய் 30 காசு. சாலையோர வேகச் சார்ஜரில் யூனிட்டுக்கு 20 ரூபாய்க்கு மேல் கொடுத்து ஏற்றுபவருக்கு இந்த மிச்சம் மூன்றரை ரூபாய் அளவுக்குச் சுருங்கிவிடும். ஒரே மாடலின் பெட்ரோல் வடிவத்துக்கும் மின்சார வடிவத்துக்கும் விலை வித்தியாசம் மூன்றரை லட்சம் என்று வைத்துக்கொண்டால், வீட்டில் சார்ஜ் செய்து ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு ஆண்டு மிச்சம் 53,000 ரூபாய். போட்ட பணம் ஏழாம் ஆண்டில் திரும்பிவிடும். 20,000 கிலோமீட்டர் ஓட்டினால் நான்காம் ஆண்டிலேயே திரும்பும். 5,000 மட்டும் ஓட்டுபவர் பதின்மூன்று ஆண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும். காப்பீடு, சர்வீஸ், டயர் தேய்மானம் ஆகியவை இந்த எண்களைக் கொஞ்சம் அப்படியும் இப்படியும் நகர்த்தும். தலைகீழாக மாற்றிவிடாது.

தலைகீழாக மாற்றக்கூடியது வட்டி. கூடுதலாகக் கொடுத்த அந்த மூன்றரை லட்சத்தை வங்கியில் 7 சதவீத வட்டிக்குப் போட்டிருந்தால் ஆண்டுக்கு 24,500 ரூபாய் வந்திருக்கும். அதையும் செலவாகச் சேர்த்துக்கொண்டால், 10,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்குப் பணம் திரும்ப ஒன்பது ஆண்டுக்குச் சற்று மேலாகிறது. அதாவது பேட்டரிக்கு வழக்கமாகக் கொடுக்கப்படும் எட்டு ஆண்டு உத்தரவாதக் காலமும் தாண்டிவிடுகிறது. 5,000 கிலோமீட்டர் ஓட்டுபவரின் ஆண்டு மிச்சமே 26,500 ரூபாய்தான். அதில் வட்டி போக மிஞ்சுவது 2,000 ரூபாய். காரின் வாழ்நாளுக்குள் கூடுதலாகப் போட்ட முதல் திரும்பாது. காரும் சாலையும் பெட்ரோல் விலையும் மாறாமல் இருக்க, வராத வட்டி ஒன்றைச் செலவாகக் கருதியதனால் மட்டும் விடை இவ்வளவு புரண்டுவிடுகிறது.

வராத லாபத்தை இழப்பு என்று சொல்லலாமா? பதின்மூன்றாம் நூற்றாண்டின் கிறித்தவ இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் இதே கேள்வியை எடுத்துக்கொண்டார். கடன் கொடுத்தவருக்கு அதனால் உண்மையான சேதம் நேர்ந்திருந்தால் அதற்கு ஈடு கேட்கலாம் என்று அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் அந்தப் பணத்தை வேறு வழியில் போட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய லாபத்துக்கு ஈடு கேட்க அவர் அனுமதிக்கவில்லை. இன்னும் கைக்கு வராததை ஒருவர் விற்க முடியாது, அது வராமல் போக ஆயிரம் காரணம் இருக்கலாம் என்பது அவர் வாதம். அக்காலத்துப் போதகர்கள் சிலர் இன்னும் ஒரு படி மேலே போனார்கள்: வட்டி வாங்குபவன் காலத்தை விற்கிறான், காலமோ கடவுளுடையது என்றார்கள். ஐரோப்பாவில் வணிகம் பெருகப் பெருக, அடுத்த முந்நூறு ஆண்டுகளில் இறையியலாளர்களே இந்தத் தடையைப் படிப்படியாகத் தளர்த்தினார்கள். தவறவிட்ட லாபமும் இழப்புதான் என்பது முதலில் விதிவிலக்காக நுழைந்து, பின்பு விதியாயிற்று. இன்று ஒவ்வொரு நிதி ஆலோசகரும் யோசிக்காமல் சொல்லும் வாக்கியம், ஒரு காலத்தில் பாவமன்னிப்புக் கூண்டில் விசாரிக்கப்பட்ட வாக்கியம்.

இஸ்லாத்தில் அந்தத் தடை நூலளவில் நின்றுவிடவில்லை, இன்றும் நடைமுறையில் இருக்கிறது. வட்டியைக் குர்ஆன் விலக்குகிறது. அதே சமயம் சட்ட அறிஞர்களில் பெரும்பாலோர், ஒரு பொருளைத் தவணைக்கு விற்கும்போது ரொக்க விலையைவிடக் கூடுதலாக விலை வைப்பதை ஏற்கிறார்கள். இஸ்லாமிய வங்கிகள் காரைத் தாமே வாங்கி லாபம் வைத்துத் தவணையில் விற்பது இந்த அடிப்படையில்தான். பொருளை விற்றுச் சம்பாதிக்கலாம், பணம் சும்மா கிடந்து தானே குட்டி போடக் கூடாது என்பது இதன் உட்கருத்து. வங்கி வைப்பை விலக்கும் ஒரு முஸ்லிம் குடும்பத்துக்கு மேலே சொன்ன 24,500 ரூபாய் இழப்பே இல்லை, ஏனெனில் அதை அவர்கள் எந்நாளும் வாங்கியிருக்க மாட்டார்கள். தொழிலில் போட்டால் வரக்கூடிய லாபத்தைக் கணக்கில் எடுக்கலாம்; ஆனால் அது நட்டமாகவும் வரக்கூடியது, ஆண்டுதோறும் உறுதியாகக் கழித்துக்கொள்ளத்தக்க எண் அல்ல. ஆக, ஒரே தெருவில் ஒரே காரை ஒரே தூரம் ஓட்டும் இரு வீட்டாரில் ஒருவருக்கு ஏழாம் ஆண்டிலும் மற்றவருக்குப் பத்தாம் ஆண்டிலும் பணம் திரும்பலாம். இருவரும் கணக்கில் தவறவில்லை.

வட்டியிலிருந்து பிரித்துப் பார்க்க வேண்டிய இன்னொன்று பொறுமையின்மை. வங்கி என்ன தரும் என்பது சந்தை சொல்லும் எண். 'பத்து வருஷம் கழித்து வருவதை யார் கண்டது' என்று எதிர்காலத்தைத் தள்ளுபடி செய்வது மனத்தின் இயல்பு. கேம்பிரிட்ஜ் தத்துவவாதி ஃபிராங்க் ராம்சே 1928இல் எழுதிய சேமிப்பு பற்றிய கட்டுரையில், பின்னால் வரும் நன்மையை அது பின்னால் வருகிறது என்பதற்காக மட்டும் குறைத்து மதிப்பதை அறத்தின் பெயரால் நியாயப்படுத்த முடியாது என்றும், அது கற்பனையின் பலவீனத்தால் வருவது என்றும் வாதிட்டார். இருபத்தாறு வயதில் இறந்துபோன அவருடைய இந்தக் கருத்து, பருவநிலை மாற்றத்தைப் பற்றிய விவாதத்தில் மீண்டும் உயிர்பெற்றது. பிரிட்டிஷ் அரசுக்காக நிக்கலஸ் ஸ்டெர்ன் 2006இல் தந்த அறிக்கை இந்தத் தள்ளுபடியைக் கிட்டத்தட்டப் பூஜ்யமாக வைத்தது. இன்றே பெருஞ்செலவு செய்து கரிப்புகையைக் குறைக்க வேண்டும் என்று அதற்கு விடை வந்தது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற வில்லியம் நார்ட்ஹாஸ், மக்கள் உண்மையில் அப்படி நடந்துகொள்வதில்லை என்று சொல்லி உயர்ந்த விகிதத்தை வைத்தார். அவருக்கு நிதானமான விடை வந்தது. உலகப் பொருளாதாரத்துக்கான அந்த வாதமும் காருக்கான இந்த வாதமும் அமைப்பில் ஒன்றே. இன்று கையைவிட்டுப் போகும் தொகை, மெல்ல வரும் பலன், நடுவே ஒரு விகிதம்.

யாருடைய செலவு என்பது அடுத்த கேள்வி. ரயில் எஞ்சின் கக்கும் பொறி தண்டவாளத்தை ஒட்டிய காட்டை எரித்தால், அந்தச் சேதம் ரயில் கம்பெனியின் கணக்கில் வராது என்று ஆர்தர் பிகோ 1920இல் வெளிவந்த நூலில் எடுத்துக்காட்டினார். தனக்கு ஆகும் செலவுக்கும் சமூகத்துக்கு ஆகும் செலவுக்கும் இடையே உள்ள இந்த இடைவெளியை வரியால் நிரப்ப வேண்டும் என்பது அவர் சொன்ன வழி. பெட்ரோல் காரின் புகை அந்தப் பொறியைப் போன்றதே. சிக்னலில் நிற்கும் போக்குவரத்துக் காவலரின் நுரையீரலுக்கு யாரும் பில் அனுப்புவதில்லை.

மின்சாரக் கார் அந்தப் பில்லை ரத்து செய்கிறதா, வேறு முகவரிக்கு மாற்றுகிறதா? இந்தியாவில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக 700 கிராமுக்குச் சற்று மேல் கரியமில வாயு வெளியேறுகிறது. மேலே கண்ட மின்சாரக் காருக்கு அது கிலோமீட்டருக்கு 110 கிராம். பெட்ரோல் கார் எரிப்பதில் மட்டும் 150 கிராம், எண்ணெய் எடுப்பதையும் சுத்திகரிப்பதையும் சேர்த்தால் இன்னும் கூடுதல். வித்தியாசம் மின்சாரக் காருக்குச் சாதகம்தான், ஆனால் விளம்பரம் சொல்லும் அளவுக்கு இல்லை. பேட்டரி செய்யும்போது வெளியேறும் இரண்டு மூன்று டன் வாயுவை ஈடுகட்டவே பல பத்தாயிரம் கிலோமீட்டர் ஓட வேண்டும். வாயுவைவிடச் சங்கடமானது சாம்பல். அடையாறில் இரவு சார்ஜ் ஏறும் கார் அடையாற்றின் காற்றைச் சுத்தமாக வைக்கிறது. எண்ணூரில் அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் கலப்பதை எதிர்த்து அங்குள்ள மீனவர்கள் பல ஆண்டுகளாகப் போராடி வருகிறார்கள். தென்சென்னையின் புகை வடசென்னைக்கு இடம் மாறியதை மொத்தக் குறைவு என்று எழுதும் கணக்கு, எண்ணளவில் சரியாகவே இருக்கலாம். யாருடைய முற்றத்தில் விழுகிறது என்பதை அது கேட்பதில்லை. மொத்த நன்மையை மட்டும் கூட்டிப் பார்க்கும் பயன்வாத அறத்தின் மீது நெடுங்காலமாக வைக்கப்படும் குறை இதுவே. இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. மே முதல் செப்டம்பர் வரை, காற்றாலைகள் நிறைந்த முப்பந்தலில் காற்று வீசும் மாதங்களில், அதே கார் ஓடுவது ஓரளவு வேறு மின்சாரத்தில்.

தஞ்சாவூரில் 1892இல் பிறந்த ஜே.சி. குமரப்பா இந்த வேறுபாட்டுக்கு ஒரு கோட்பாடே வகுத்துவைத்திருந்தார். லண்டனில் கணக்காயர் பயிற்சி பெற்று பம்பாயில் தணிக்கைத் தொழில் நடத்தியவர். பின்பு காந்தியுடன் சேர்ந்தார். நிலைத்திருக்கும் பொருளாதாரம் பற்றிச் சிறையில் எழுதிய அவருடைய ஆங்கில நூல் 1945இல் வெளிவந்தது. நிலக்கரி, பெட்ரோலியம் போல எடுக்க எடுக்கக் குறையும் இருப்பை வைத்து நடத்தும் வாழ்க்கையையும், காற்று, நீர், விளைச்சல் போலத் திரும்பத் திரும்ப வரும் வரத்தை வைத்து நடத்தும் வாழ்க்கையையும் அவர் பிரித்தார். முன்னது போட்டிக்கும் போருக்கும் இட்டுச்செல்லும் என்பது அவர் கருத்து. கணக்காயர் ஒருவர் சொன்னது என்பதால் இதற்குக் கூடுதல் எடை உண்டு: முதலைத் தின்றுகொண்டு அதை வருமானம் என்று எழுதும் பேரேட்டை எந்தத் தணிக்கையாளரும் ஏற்கமாட்டார். அவர் அளவுகோலில் நிலக்கரி மின்சாரத்தில் ஓடும் கார் பெட்ரோல் காரின் தம்பிதான். சூரிய ஒளியிலும் காற்றிலும் ஓடுவது வேறு இனம். பேட்டரியின் லித்தியமும் தோண்டி எடுக்கும் இருப்புதான் என்றாலும், பெட்ரோலைப் போல எரிந்து மறைவதில்லை. பழைய பேட்டரியிலிருந்து மீட்க முடியும். சில வகைப் பேட்டரிகளுக்கு வேண்டிய கோபால்ட்டில் உலக அளவில் பெரும்பங்கு காங்கோ ஜனநாயகக் குடியரசின் சுரங்கங்களிலிருந்து வருகிறது. குழந்தைகள் உட்படப் பலர் அங்கே வெறுங்கையால் தோண்டும் கொடுமை வெளிச்சத்துக்கு வந்த பிறகு அது மின்சாரக் காருக்கு எதிரான அறவாதமாயிற்று. இந்தியாவில் அதிகம் விற்கும் மின்சாரக் கார்களில் பெரும்பாலும் இருப்பது இரும்பு பாஸ்பேட் பேட்டரி. அதில் கோபால்ட் இல்லை.

கிடைக்கும் மிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் வேறொரு சிக்கல் தென்படும். ஒரு லிட்டர் பெட்ரோல் விலையில் மத்திய, மாநில வரிகள் மட்டும் 40 ரூபாய்க்கு மேல். மின்சாரக் காருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். பெட்ரோல் காருக்கு 2025 செப்டம்பர் முதல் அளவைப் பொறுத்து 18 அல்லது 40. ஆக, மின்சாரக் கார் வாங்குபவரின் லாபத்தில் கணிசமான பங்கு, எஞ்சினின் திறமையால் வந்ததல்ல; அவர் கட்டாத வரி. சாலையோ இருவருக்கும் ஒன்றே. ஒரு செயலை எல்லோரும் செய்தாலும் அது நிற்குமா என்று கேட்டுப் பார்க்கச் சொன்னார் இம்மானுவேல் காண்ட். இந்த லாபம் அந்தச் சோதனையில் முழுதாகத் தேறாது. எல்லோரும் மாறிவிட்டால் அரசு வேறு எங்காவது அந்த வரியை எடுத்தே தீரும். ஐஸ்லாந்து 2024 முதல் மின்சாரக் கார்களுக்குக் கிலோமீட்டர் கணக்கில் சாலைக் கட்டணம் விதித்தது.

இத்தகைய வரிச் சலுகையின் முழு வரலாற்றையும் நார்வேயில் காணலாம். 1989இல் 'ஆ-ஹா' இசைக்குழுவினர் சிலரும் ஒரு சுற்றுச்சூழல் ஆர்வலரும் மின்சாரத்துக்கு மாற்றிய சின்ன ஃபியட் காரில் சுங்கச்சாவடிகளைக் கட்டணம் கட்டாமலே கடந்தார்கள். அபராதம் ஏறியது, கார் பறிமுதலானது, விளம்பரம் கிடைத்தது. அடுத்த ஆண்டில் தொடங்கி இறக்குமதி வரி விலக்கு, 1997இல் சுங்க விலக்கு, 2001இல் 25 சதவீத மதிப்புக்கூட்டு வரி விலக்கு என்று அரசு வரிசையாக இறங்கி வந்தது. 2024இல் அங்கே விற்ற புதிய கார்களில் ஏறக்குறைய 89 சதவீதம் மின்சாரக் கார்கள். நார்வேக்காரருக்கு மின்சாரக் கார் கட்டுப்படியாகிறது என்றால், கட்டுப்படியாகும்படி செய்யப்பட்டது என்று அதற்கு அர்த்தம். விலை இயற்கையிலிருந்து வருவதல்ல, ஒரு சமூகம் எடுத்த முடிவு. பெரும்பான்மை மாறியதும் சலுகையும் குறையத் தொடங்கியது: 2023இல் 5 லட்சம் குரோனருக்கு மேற்பட்ட தொகைக்கு மதிப்புக்கூட்டு வரி விதிக்கப்பட்டது. நார்வேயின் மின்சாரம் பெரும்பாலும் அருவியிலிருந்து வருகிறது, அரசு வருமானத்தில் கணிசமான பங்கோ வடகடலின் எண்ணெயிலிருந்து. உள்ளூரில் புகையில்லாமல் ஓட்டிக்கொண்டு வெளியூருக்குப் பெட்ரோலியம் விற்கும் நாட்டின் தூய்மையை எந்த எல்லைக்குள் அளப்பது என்பதில் அங்கேயே ஒருமித்த கருத்து இல்லை.

கார் ஓட்டுவதற்கா விற்பதற்கா என்பது அரிஸ்டாட்டில் காலத்துக் கேள்வி. செருப்புக்கு இரண்டு பயன், ஒன்று அணிவது, மற்றது மாற்றிக்கொள்வது என்று 'அரசியல்' நூலில் அவர் எழுதினார். இல்லத்துக்கு வேண்டியதைத் தேடுவதற்கு ஓர் எல்லை உண்டு, பணத்தைப் பெருக்குவதற்கு எல்லையே இல்லை என்றும் பிரித்தார். மின்சாரக் காரின் மறுவிற்பனை விலை பெரும் பலவீனம். பேட்டரியின் உலகச் சராசரி விலை 2010இல் ஒரு கிலோவாட் மணிக்கு ஆயிரம் டாலருக்கு மேல் இருந்தது. 2024இல் 115 டாலர். புதிய கார் மலிவாக மலிவாகப் பழைய காரின் விலை விழும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கார் மாற்றுபவர் இந்த வீழ்ச்சி முழுவதையும் தன் தலையில் வாங்கிக்கொள்கிறார். தேயும்வரை வைத்து ஓட்டுபவருக்கு அது காகிதத்தில் மட்டும் உள்ள நட்டம். அரிஸ்டாட்டில் சொன்ன அணிபவன் இங்கே பிழைத்துக்கொள்கிறான், வியாபாரி மாட்டிக்கொள்கிறான். 2024 செப்டம்பரில் எம்ஜி நிறுவனம் வின்ட்சர் காரைப் பேட்டரி இல்லாத விலைக்கு விற்று, பேட்டரிக்குக் கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய் வாடகை கேட்டபோது, இந்த அச்சத்துக்கே ஒரு விலை வைக்கப்பட்டது. எண்ணால் அளக்கக்கூடிய ஆபத்தையும் அளக்கவே முடியாத நிச்சயமின்மையையும் ஃபிராங்க் நைட் என்ற பொருளாதார அறிஞர் 1921இல் வேறுபடுத்தினார். பன்னிரண்டாம் ஆண்டில் பேட்டரி எப்படியிருக்கும் என்பது இன்னும் பெரும்பாலும் இரண்டாம் வகை. அதைத் துணிந்து ஏற்பதும் தவிர்ப்பதும் குணத்தைப் பொறுத்தது.

கடைசியாக, இந்தக் கணக்கின் உள்ளேயே ஒரு முரண் இருக்கிறது. எவ்வளவு ஓட்டுகிறோமோ அவ்வளவு மிச்சம் என்பதால், மிச்சம் பிடிக்க ஓட்ட வேண்டும் என்றாகிறது. நீராவி எஞ்சின் குறைந்த நிலக்கரியில் இயங்கத் தொடங்கியதும் நிலக்கரிச் செலவு குறையாமல் கூடியதை வில்லியம் ஜெவன்ஸ் 1865இல் காட்டினார். கிலோமீட்டருக்கு ஆறே முக்கால் ரூபாய் ஆனபோது நடந்து போன கடைக்கு, ஒன்றரை ரூபாய் ஆனதும் காரில் போகத் தோன்றும். கூடுதலாக ஓட்டிய கிலோமீட்டரை மிச்சத்தில் எழுதுவது தன்னைத் தானே ஏமாற்றுவது. அது பெட்ரோல் கார் ஓடாத தூரம். ஆண்டுக்கு 5,000 கிலோமீட்டர்கூட ஓட்டாத குடும்பத்துக்குப் பண லாபமும் இல்லை, காற்றுக்குப் பெரிய நன்மையும் இல்லை. இருக்கும் பழைய காரை வைத்து ஓட்டுவது இரு கணக்கிலும் மேல். பணமும் அறமும் ஒரே பக்கம் சாய்வது நாள் முழுக்க ஓடும் வண்டிகளில்தான்: வாடகைக் கார், ஷேர் ஆட்டோ, சரக்கு ஏற்றும் மூன்று சக்கர வண்டி, எல்லாவற்றுக்கும் மேலாகப் பேருந்து. அவற்றில் வட்டியைச் சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் விடை மாறாது. சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகம் 2025 ஜூன் இறுதியில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகளை இயக்கத் தொடங்கியது.